லெகோ குட்டி ஆட்களை நாமே செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெகோ என்பது குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தும் பொம்மை, அதோடு வரும் குட்டி மனிதர்கள்தான் எங்கள் வேலை. நாகர்கோவிலில் அவ்வப்போது கூடும் எங்கள் சின்னக் குழுவுக்குப் புதிதாக யார் வந்தாலும் இதே கேள்விகள்தான். பள்ளிப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள், வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் என்று ஆள் மாறும், கேள்வி மாறாது. அவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே எழுதி, பதிலும் போட்டிருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஓரிடத்தில் சொன்னதை மறுபடி சொல்லவில்லை என்பதால் மேலிருந்து படித்து வருவது நல்லது.

அண்ணே, லெகோ ஆளுன்னா கடையில வாங்குறதுதானே? அதுல நாம செய்ய என்ன இருக்கு?

ஓர் ஆள் என்பது ஒரே பொம்மை இல்லை. தலைமுடி அல்லது தொப்பி, தலை, கைகள் மாட்டிய உடம்பு, இடுப்போடு சேர்ந்த கால்கள் என்று நாலு துண்டு. 1978இல் இந்த வடிவம் வந்ததிலிருந்து இன்றுவரை இவற்றின் இணைப்பு மாறவில்லை. அன்றைய தலை இன்றைய உடம்பில் உட்காரும். ஆகவே தீயணைப்பு வீரரின் கால், சமையல்காரரின் உடம்பு, பாட்டியின் கொண்டை என்று எடுத்துக் கடையில் இல்லாத ஓர் ஆளை உருவாக்கலாம். எங்கள் வேலையில் பெரும்பகுதி இந்தத் தேர்வுதான்.

அதற்கு அடுத்த படி ஸ்டிக்கர், பெயின்ட், துணி. அதற்கும் அப்பால் துண்டையே புதிதாக 3டி பிரிண்ட் எடுப்பது. புதிதாக வருகிறவர்கள் நேராக மூன்றாவது படிக்குத் தாவப் பார்ப்பார்கள். முதல் படியிலேயே ஒரு வருஷம் ஓட்டலாம், அவ்வளவு இருக்கிறது.

இது சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம் இல்லையா?

ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது. 3 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தத் துண்டுகளைத் தரையில் விடாதீர்கள், தொண்டையில் சிக்கும். மற்றபடி எங்கள் குழுவில் பணி ஓய்வு பெற்றவர்களும் உண்டு. பிள்ளைகளைவிட அதிகமாகச் சண்டை போடுவது அவர்கள்தான்.

எவ்வளவு காசு ஆகும்? எங்கிருந்து தொடங்கணும்?

வீட்டில் கிடக்கும் பழைய டப்பாவிலிருந்து தொடங்குங்கள். அண்ணன் பிள்ளைகள் வளர்ந்து விட்டுப்போன மூட்டை ஏதாவது உறவில் இருக்கும். ஆட்களுக்காகப் பெரிய செட் வாங்குவது வீண், ஆயிரம் கட்டைக்கு நாலு ஆள்தான் வரும். ஆட்களை மட்டும் தனித்தனிப் பொட்டலமாக விற்கும் வரிசை 2010 முதல் வருகிறது. உள்ளே யார் என்று தெரியாது, ஆனால் நல்ல தலைமுடிகளும் கையில் பிடிக்கும் சாமான்களும் கிடைக்க அதுதான் வழி.

லெகோ இங்கே விலை கூடுதலாக இருக்கக் காரணங்களில் ஒன்று சுங்க வரி. பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகி, 2023இல் 70 சதவீதமானது. அதனால்தான் நம் மாவட்டத்தில் இந்தப் பொழுதுபோக்கு துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கும் மாமாக்களை நம்பி ஓடுகிறது. தனித் துண்டு வேண்டுமானால் பிரிக்லிங்க் சந்தையில் உலகம் முழுக்க உள்ள விற்பவர்களிடம் ஒரு தலை, ஒரு தொப்பி என்றுகூட வாங்கலாம். 2000இல் ரசிகர் ஒருவர் தொடங்கியது அது, 2019 முதல் லெகோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒரு தொப்பியை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு தொப்பியைப் போலப் பல மடங்கு ஆகிவிடும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுங்கள்.

சவேரியார் பெருநாள் கடையில அம்பது ரூபாய்க்கு ஒரு செட்டு ஆளு கிடைக்குதே, அது போதாதா?

கோட்டாறு பெருநாள், சுசீந்திரம் தேர், எந்தத் திருவிழாக் கடையிலும் கிடைக்கும். அவை நகல்கள். அசலா என்று பார்க்கத் தலையின் உச்சிக் குமிழையும் கழுத்துக் குமிழையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அசலில் நிறுவனத்தின் பெயர் நுணுக்கமாக அச்சில் எழும்பியிருக்கும். நகலில் குமிழ் மொட்டையாக இருக்கும். கை கம்பியைப் பிடிக்காது, பிடித்தால் விடாது.

பெயின்ட் அடித்துப் பழக அவை போதும், தப்பே இல்லை. ஆனால் 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாததைச் சின்னப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். குழுவில் ஒருவருக்கு மாற்றிக் கொடுக்கும்போது 'இது நகல்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். இதில் நாங்கள் கொஞ்சம் கறார்.

ஆளோட அளவு சரியா என்ன? வீடு, படகு எல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி செய்யணுமே.

தொப்பி இல்லாமல் சுமார் 4 செ.மீ. உயரம். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ., ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ., மெல்லிய தட்டின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மி.மீ. கை பிடிக்கும் கம்பியின் தடிமனும் கிட்டத்தட்ட அதே 3.2தான். இந்தக் கடைசி எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், கீழே பல இடத்தில் வரும்.

உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் நிஜ மனிதருக்கு நாற்பத்திரண்டில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் பீடத்தோடு 133 அடி இருக்கும் திருவள்ளுவர் சிலை ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆனால் லெகோ ஆள் உயரத்துக்குப் பொருந்தாத குண்டு. ஆகவே கதவு, படகு, ஆட்டோ எல்லாவற்றையும் கணக்கைவிட அகலமாகச் செய்தால்தான் ஆள் உள்ளே போவார்.

தலையைக் கழட்டுறோம், கையையும் கழட்டலாமா?

உள்ளங்கைத் துண்டை மெதுவாகத் திருகி இழுத்தால் வந்துவிடும். கறுப்புக் கையுறை வேண்டும் என்றால் கறுப்பு உள்ளங்கையை மாட்டலாம், இதைத் தாராளமாகச் செய்யுங்கள். தோளோடு கையைப் பிடுங்குவது வேறு. முடியும், ஆனால் ஒவ்வொரு முறையும் உடம்பின் பக்கச் சுவர் விரிகிறது. அக்குளுக்குக் கீழே மயிரிழை போல ஒரு கீறல் விழும், அப்புறம் கை தொங்கிப் போகும். இடுப்பையும் காலையும் பிரிக்கவே வேண்டாம்.

நம்ம ஊரு ஆளை எப்படிக் கொண்டுவர்றது? வேட்டி, சேலை எதுவும் லெகோவில இல்லையே!

இருக்கிறது, வேறு பெயரில். மடித்துக் கட்டிய வேட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அரைக்கால் சட்டை போட்ட ஆட்களுக்காக மேல்பாதி ஒரு நிறத்திலும் கீழ்ப்பாதி தோல் நிறத்திலும் அச்சில் வார்த்த கால்கள் வருகின்றன. மேல்பாதி வெளிர்நிறமாக உள்ளதைப் பிடித்து, வெள்ளைச் சட்டை உடம்பை மேலே வைத்து, தோளில் தோர்த்துக்கு ஒரு துணித் துண்டைப் போட்டால் தக்கலைச் சந்தையில் பார்த்த ஆள்தான். முழுசாக இறக்கிவிட்ட வேட்டிக்கும் சேலைக்கும் 3678 என்ற எண் கொண்ட சாய்வுத் துண்டு, அதாவது பாவாடை போல முன்பக்கம் சரிந்து இறங்கும் துண்டு, காலுக்குப் பதிலாகப் பொருந்தும்.

சேலையின் முந்தானைக்குத் துணி வேண்டும். பழைய மெல்லிய பருத்தித் துணியை, தண்ணீர் விட்டுக் கரைத்த வெள்ளைப் பசையில் நனைத்துக் காயவைத்து, பிறகு வெட்டுங்கள். இப்படிச் செய்தால் ஓரம் நூல் பிரியாது. நீளமான பட்டையாக வெட்டி நடுவே ஒரு துளை போட்டுக் கழுத்தில் மாட்டி, அதன் மேல் தலையை வையுங்கள். முன்பக்கத் துண்டை மார்பின் குறுக்கே வலது இடுப்புக்குக் கொண்டுபோய், உடம்புக்கும் பாவாடைத் துண்டுக்கும் நடுவே நுழைத்து அழுத்திவிடுங்கள். பின்பக்கத் துண்டு இடது தோளுக்குப் பின்னால் தானாகத் தொங்கும். கரைக்குப் பொன்னிற ஜெல் பேனாவால் ஒரு கோடு, அது போதும். பூ வேலை எல்லாம் இந்த அளவில் அழுக்குப் போலத்தான் தெரியும்.

ரப்பர் பால் வெட்டுபவர் பலரும் கேட்பது. விடியுமுன் தோட்டத்துக்குப் போகிறவர் என்பதால் நெற்றி விளக்கு வேண்டும், சுரங்கத் தொழிலாளிக்கு வரும் விளக்கு வைத்த ஹெல்மெட் அதற்குத் தோதாக இருக்கும். கத்தியின் வளைந்த நுனிக்கு லெகோவின் குட்டிக் கடப்பாரை. மரத்தில் கட்டும் சிரட்டைக்குப் பழுப்பு நிற வட்டத் தட்டு, எண் 4073, அதன் மேல் ஒரு வெள்ளை வட்டத் தட்டு வைத்தால் பால் நிறைந்துவிட்டது. பார்க்கிறவர்கள் ஆளைவிட அந்தச் சிரட்டையைத்தான் குனிந்து பார்ப்பார்கள்.

வில்லுப்பாட்டுக் குழு செய்யலாம்னு பார்த்தேன். எவனும் சம்மணம் போட மாட்டேங்கிறான். என்ன செய்ய?

போட மாட்டான். லெகோ கால் முன்னும் பின்னும் மட்டும்தான் ஆடும், பக்கவாட்டில் விரியாது. வழி, காலையே எடுத்துவிடுவது. உடம்பின் அடிப்பக்கம் அடுத்தடுத்துள்ள இரண்டு குமிழில் நேராக உட்காரும். வேட்டி நிறத்தில் ஒரு தட்டு வைத்து, அதன் நடுவில் உடம்பைப் பொருத்தி, முன்னால் இரு பக்கமும் ஒவ்வொரு வளைந்த சாய்வுத் துண்டு வையுங்கள். அவை மடக்கிய முழங்கால்களாகத் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் சம்மணமேதான்.

வில்லுக்கு 3.2 மி.மீ. தடிமனுள்ள வளையும் குழாய். நடுவில் துளையுள்ள பொன்னிறக் குட்டி வட்டத் தட்டுகளை அதில் வரிசையாகக் கோத்தால் மணிகள். பிறகு இரு முனையையும் கறுப்பு நூலால் இழுத்துக் கட்டினால் குழாய் தானே வளையும். நூலை அதிகம் இழுக்காதீர்கள், வில் அரைவட்டமாகிவிடும். நிஜ வில் நீண்டு கிடக்கும், லேசாகத்தான் வளையும். வீசுகோலுக்கு இரண்டு குட்டிக் கம்பி, பாடுபவரின் இரு கையிலும். உடுக்கைக்கு இரண்டு சின்னக் கூம்புகளின் குறுகிய முனைகளை எதிரெதிராக வைத்து நடுவே ஒரு கம்பியை விடலாம். குடம் அடிப்பவர் கையில் பத்திக்கு, அதாவது குடத்தின் வாயில் அடிக்கும் மட்டைக்கு, ஒரு தட்டையான ஓட்டுத் துண்டு. கம்பி, குழாய், உள்ளங்கை மூன்றும் ஒரே 3.2 மி.மீ. கணக்கு என்பதால் பசையே இல்லாமல் முழுக் குழுவும் நிற்கும்.

மூஞ்சி எல்லாம் மஞ்சளா இருக்கு. நம்ம ஆளுங்க மஞ்சளா?

யாருடைய தோலும் இல்லாத நிறமாக இருக்கட்டும் என்றுதான் தொடக்கத்தில் மஞ்சள் வைத்தார்கள். முகமும் அப்போது இரண்டு புள்ளி, ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். 1989இல் கடற்கொள்ளையர் வரிசை வந்தபோதுதான் தாடி, மீசை, முறைப்பு எல்லாம் வந்தன. சினிமாப் பாத்திரங்களையும் நிஜ விளையாட்டு வீரர்களையும் செய்யத் தொடங்கியபின், 2003 வாக்கில், தோல் நிறங்கள் நுழைந்தன. இப்போது மாநிறம் முதல் அடர்பழுப்பு வரை தலை கிடைக்கிறது.

ஒரே காட்சியில் மஞ்சளையும் பழுப்பையும் கலக்காதீர்கள், கண்ணை உறுத்தும். பழுப்புத் தலை வாங்கும்போது அதே நிற உள்ளங்கையும் சேர்த்து வாங்குங்கள், பலர் மறப்பது இது. மீசைக்காக மட்டும் மஞ்சள் தலையை எடுக்க வேண்டியிருந்தால் நான் மொத்தக் குழுவையும் மஞ்சளாக்கிவிடுவேன்.

சட்டையில படம், எழுத்து எல்லாம் எப்படி வர வைக்கிறது?

தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் டெக்கால் தாள்தான் வீட்டில் செய்யக்கூடியதில் நன்றாக வருவது. தெளிவான தாளில் லேசர் பிரின்டரில் எடுங்கள். இங்க்ஜெட் என்றால் தண்ணீரில் போடும் முன் மேலே தெளிவான வார்னிஷ் பூச வேண்டும், இல்லையென்றால் மை கரைந்து ஓடும். பிரின்டருக்கு வெள்ளை அடிக்கத் தெரியாது. ஆகவே கறுப்பு உடம்பில் வெள்ளை எழுத்து வேண்டும் என்றால் வெள்ளைத் தாளில் சுற்றிலும் கறுப்பாக அடித்து, ஓரம் வரை வெட்டி ஒட்டுவது ஒன்றுதான் வழி. இதெல்லாம் தொல்லை என்று நினைப்பவர்கள் யு.வி. பிரிண்ட் அடிக்கும் கடையில் கேட்டுப் பார்க்கலாம், சிலர் இவ்வளவு சின்னப் பொருளை எடுக்க மாட்டார்கள்.

உடம்பின் அடிப்பக்கமே சுமார் ஒன்றரை செ.மீ. அகலம்தான், மேலே இன்னும் குறுகும். அதில் தமிழ் எழுத்தை அடிக்கும்போது சுழிகள் எல்லாம் அடைந்துபோய்க் கறுப்புக் கட்டியாகும். ஒற்றைச் சொல், கோடு மெல்லிய எழுத்துரு, சொல்லில் ணை, ஞூ போன்றவை இல்லாமல் பார்த்துக்கொள்வது என்று வைத்தால் படிக்க முடியும். பேருந்தின் பெயர்ப் பலகையில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், சட்டையில் வேண்டாம்.

பெயின்ட் அடிக்கலாம்ல? நான் அடிச்சேன், வார்னிஷ் எல்லாம் வெள்ளையாப் பூத்துப் போச்சு.

மழை நாளில் அடித்திருப்பீர்கள். ஸ்பிரே வார்னிஷ் காயும்போது காற்றில் ஈரம் அதிகமிருந்தால் பால் போல மங்கிப்போகும். நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை, இரண்டுக்கும் நடுவில் கடல் காற்று. தை முதல் பங்குனி வரை, காலை வெயில் ஏறியபின் அடியுங்கள். இல்லாவிட்டால் ஸ்பிரேயை விட்டுவிட்டுத் தூரிகையால் பூசும் அக்ரிலிக் வார்னிஷுக்கு மாறுங்கள்.

பெயின்டும் அக்ரிலிக்தான் நல்லது. சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெல்லிய பிரைமர், அதன் மேல் மெல்லிய பூச்சுகள். உரசும் இடங்களில், அதாவது கழுத்து, இடுப்பு, மணிக்கட்டு, கையின் உள்வளைவு, பெயின்ட் படக் கூடாது. படிந்தால் பொருத்தம் இறுகும், கழற்றும்போது செதில் செதிலாக உரியும். முதலில் அதே நிறத்தில் துண்டு கிடைக்குமா என்று தேடுங்கள், கிடைக்காவிட்டால்தான் பெயின்ட் என்பது என் கட்சி. குழுவில் பாதிப் பேர் எதிர்க்கட்சி.

பழைய பிரிண்டை நெயில் பாலிஷ் ரிமூவர் வச்சு அழிச்சுடலாமா?

கூடாது. அதில் உள்ள அசிட்டோன் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். லெகோ கட்டைகள் 1963 முதல் அந்தப் பிளாஸ்டிக்தான். முகம் மட்டும் அல்ல, தலையே பிசுபிசுக்கும். பித்தளைக்குப் போடும் மெட்டல் பாலிஷை மெல்லிய துணியில் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்தால் அச்சு போகும், பளபளப்பும் மிஞ்சும்.

வெள்ளைச் சட்டை எல்லாம் பழுப்பேறுது. உப்புக் காத்தா?

வெயில்தான் காரணம், உப்புக் காற்று அல்ல. புற ஊதாக் கதிர் பட்டால் வெள்ளையும் நீலமும் முதலில் நிறம் மாறும். ஜன்னல் ஓரத்து ஷோகேஸ் வேண்டாம். கழுவுவதற்கு 40 டிகிரிக்கு மேல் சூடில்லாத தண்ணீர் போதும். உப்புக் காற்று கெடுப்பது விளக்கு வைத்தவற்றின் பேட்டரியைத்தான். முட்டம் கடற்கரையில் கொண்டுபோய்ப் போட்டோ எடுப்பவர்கள் வீட்டுக்கு வந்ததும் கால் மூட்டைக் கழுவிவிடுங்கள். மணல் ஒருமுறை உள்ளே போனால் நடக்கும்போதெல்லாம் நறநறக்கும்.

துண்டு வாங்குறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல செஞ்சு பார்க்க முடியுமா?

முடியும், செய்யவும் வேண்டும். பிரிக்லிங்கின் ஸ்டூடியோ என்ற மென்பொருள் இலவசம். ஆளை நிற்கவைத்து, நிறம் மாற்றிப் பார்த்து, கடைசியில் துண்டுப் பட்டியலையும் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் வரைந்த சட்டை அச்சை உடம்பில் ஏற்றிப் பார்க்கவும் அதோடு ஒரு கருவி வருகிறது.

இதற்கெல்லாம் மூலம் எல்ட்ரா என்ற முறை. 1995இல் ஜேம்ஸ் ஜெசிமன் உருவாக்கியது. அதில் ஒவ்வொரு துண்டும் கோப்பில் ஒரு வரி: நிறம், இடம், திருப்பம், துண்டின் எண். குமிழுக்குக் குமிழ் தூரம் 20 அலகு, கட்டையின் உயரம் 24, தட்டின் உயரம் 8. வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் பழைய கணினி வைத்திருப்பவருக்கும் அனுப்பலாம், திறந்து பார்ப்பார்.

3டி பிரிண்டர்ல பனையேறியோட பாளை அருவாள், சாமான் எல்லாம் எடுக்கலாமா?

கையில் பிடிக்கும் சாமானுக்கு நன்றாக உதவும். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் பிரின்டரில் இவ்வளவு சின்னப் பொருள் படிக்கட்டு போல வரியோடு வரும், ஒளி பட்டு இறுகும் திரவமான ரெசினில் எடுத்தால் வழுவழுப்பாக வரும். ரெசின் சாமான் கீழே விழுந்தால் ஒடியும். காயாத ரெசினைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பிடியின் தடிமன் மேலே சொன்ன 3.2தான். முதலில் 3.1, 3.15, 3.2 என்று மூன்று குச்சி எடுத்து அசல் கையில் மாட்டிப் பாருங்கள், ஒவ்வொரு பிரின்டரும் தன் விருப்பத்துக்குக் கொஞ்சம் தடிக்கும். பி.எல்.ஏ. இழையில் எடுத்ததை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், 60 டிகிரியை ஒட்டி இளகிவிடும்.

கால், உடம்பு, தலை இவற்றை அச்சிடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. பொருத்தம் சரியாக வராது. அதோடு ஒரு சட்டச் சிக்கலும் உண்டு, கீழே வருகிறேன்.

செஞ்சதைப் பகிர்றதுன்னா என்ன? போட்டோ போட்டா போதாதா?

போட்டோவைப் பார்த்து 'சூப்பர்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொருவர் அதே ஆளைத் தன் வீட்டில் நிறுத்தும்படி கொடுப்பதைத்தான் நாங்கள் பகிர்வது என்கிறோம். அதற்குத் துண்டின் எண்ணும் நிறமும் வேண்டும். துண்டின் உட்பக்கம் பெரும்பாலும் எண் பொறித்திருக்கும். வெறும் தலை 3626, உடம்பு 973, கால்கள் 970, இந்த மூன்றும் தெரிந்தால் தேடுவது எளிது. எது அசல், எது பெயின்ட், எது அச்சிட்டது என்று துண்டுக்கு ஒரு வரி. டெக்கால் படம் இருந்தால் அதன் கோப்பு. துணி என்றால் வெட்டும் வடிவத்தை முழு அளவில் காகிதத்தில் வரைந்து அளவுகோலோடு ஒரு போட்டோ.

ஆளின் போட்டோ எடுக்க, கேமராவை அவர் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். பின்னால் வெள்ளைச் சார்ட்டை வளைத்து வையுங்கள், ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். முன், பின், பிரித்துப் பரப்பியது என்று மூன்று படம். பிரித்துப் பரப்பிய மூன்றாவது படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அடுத்தவருக்கு உதவுவது அது ஒன்றுதான்.

நான் செஞ்ச ஆளை ஒருத்தர் அப்படியே செஞ்சு தன் பேர்ல காட்டுறாரு. என்ன பண்ணலாம்?

அவர் செய்தது தவறில்லை, பெயரை விட்டதுதான் தவறு. எண்ணோடு பட்டியல் கொடுத்ததே செய்யட்டும் என்றுதானே. 'யோசனை இன்னார்' என்று ஒரு வரி போடச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் போட்டுவிடுவார்கள். மீனவர், பால் வெட்டுபவர், போலீஸ்காரர் போன்றவற்றில் இரண்டு பேருக்கு ஒரே யோசனை வருவது சகஜம். இருப்பதே நாலு துண்டு, எத்தனை விதமாகத்தான் சேர்க்க முடியும்? நீங்கள் வரைந்த டெக்கால் படம் வேறு விஷயம். அது உங்கள் ஓவியம், கேட்காமல் அச்சிட்டு விற்றால் உறுதியாகத் தடுக்கலாம்.

இதை வித்துக் காசு பாக்கலாமா? லெகோக்காரங்க கேஸ் போடுவாங்களோ?

கட்டையின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்தது. கட்டை வடிவத்தையே வணிக முத்திரையாகப் பிடிக்க நடந்த முயற்சி கனடா உச்ச நீதிமன்றத்தில் 2005இலும் ஐரோப்பிய நீதிமன்றத்தில் 2010இலும் தோற்றது. அதை வைத்து எல்லாம் பொது என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் குட்டி ஆளின் உருவம் ஐரோப்பாவில் முத்திரையாகப் பதிவாகியிருக்கிறது, 2015இல் அங்குள்ள நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உடம்பு, தலையை அச்சிட வேண்டாம் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இது.

காசு கொடுத்து வாங்கிய அசல் துண்டுகளை மாற்றிக் கோத்து, 'லெகோ துண்டுகளால் செய்தது, லெகோ நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை' என்று சொல்லி நாலு பேருக்குக் கொடுப்பது ஒன்று. அவர்கள் சின்னத்தை அட்டைப் பெட்டியில் அடித்து விற்பது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். சினிமாப் பாத்திரம் என்றால் அதன் உரிமையாளர் தனி. மேலே சொன்ன ஐ.எஸ்.ஐ. விதி விற்பனைக்குச் செய்யும் பொம்மைக்கும் உண்டு என்பதால், பெயின்ட் அடித்ததைப் பிள்ளைகளின் பொம்மையாக விற்பது எங்கள் குழுவில் கிடையாது. தொழிலாகவே செய்ய நினைப்பவர் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டுத் தொடங்கட்டும்.

கிறிஸ்துமஸ் குடில்ல லெகோ ஆளுங்களை வைக்கலாமா? சாமி உருவம் செஞ்சா யாராவது சண்டைக்கு வருவாங்களா?

குடிலுக்குப் பிரமாதமாக இருக்கும். டிசம்பரில் நம் மாவட்டத்தில் குடில் கட்டாத தெரு குறைவு, இடையர்களும் ஞானிகளும் லெகோவில் நின்றால் பிள்ளைகள் நகரவே மாட்டார்கள். பாலனுக்கு லெகோவில் குழந்தை உருவம் தனியாக உண்டு. வைக்கோல் தூளைப் பக்கத்தில் போடாதீர்கள், மூட்டுக்குள் போகும். சீரியல் பல்பு சூடாகும் வகை என்றால் தள்ளி வையுங்கள்.

சாமி உருவத்தைப் பொறுத்தவரை, சொந்த வீட்டில் பக்தியோடு வைப்பது உங்கள் விருப்பம். குழுக் கண்காட்சியில் வைப்பதற்கு நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: அந்த மதத்தைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் பார்த்துச் சரி என்றால் வைப்போம். தலையைக் கழற்றி விளையாடும் மேசையில் வேண்டாம். இதில் தயங்கினால் தேர், கொடிமரம், செண்டை மேளக்காரர், சப்பரம் தூக்குபவர்கள் என்று திருவிழாவைச் செய்யுங்கள். யாருக்கும் மனத்தாங்கல் வராது, செய்வதற்கும் அதில்தான் வேலை அதிகம்.

எங்க தெரு டீக்கடைக்காரரை அச்சு அசலா செஞ்சுட்டேன். காட்டலாமா?

முதலில் அவரிடம் காட்டுங்கள். அவர் சிரித்தால் மற்றவர்களுக்கும் காட்டலாம். வழுக்கை, தொந்தி, நடக்கும் விதம் இவற்றை வைத்து ஆளை அடையாளம் காட்டுவது லெகோவில் சுலபம், அதனாலேயே புண்படுத்துவதும் சுலபம். பெயரையும் கடையின் பலகையையும் போடாமல் விடுங்கள். அரசியல் தலைவர்கள் பொதுவாழ்வில் இருப்பவர்கள், செய்யலாம். ஆனால் தேர்தல் நேரத்தில் எங்கள் மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

ஒருத்தருக்கு ஆசையா ஒரு ஆளைச் செஞ்சு கொடுத்தேன். அடுத்த கூட்டத்துல பார்த்தா தலை ஒருத்தன்கிட்ட, தொப்பி ஒருத்தன்கிட்ட. கோபப்படலாமா?

கொடுத்துவிட்டால் அது அவருடையது. பிரித்து மாற்றிக் கோப்பதற்காகவே இருக்கும் பொருளை முழுசாக வைத்திரு என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். பிரிக்கக் கூடாது என்று பசை போட்டு ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது எனக்குப் பிடிக்காது. ஒட்டினால் அந்த நாலு துண்டும் இனி யாருக்கும் ஆகாது.

அப்படியே இருக்க வேண்டும் என்றால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். 'வச்சுக்கோ, பிரிக்க நினைச்சா எனக்கே திருப்பிக் கொடு' என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இப்போது ஆனது ஆகிவிட்டது. தலையும் தொப்பியும் கடைச் சரக்கு, போகட்டும். நீங்கள் டெக்கால் ஒட்டிய உடம்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, அதற்குப் பதிலாக வேறு ஓர் உடம்பைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.